மூன்று டாரட் சீட்டுக்கட்டுகளில் எதைக் குடிவைப்பது?

அலுவலக வாட்ஸாப் குழுவிலிருந்து வெளியேறலாமா, வேண்டாமா? கேட்டது என் சிநேகிதி. சனிக்கிழமை இரவு, சாப்பாடு முடிந்து, மேசைமேல் குறி பார்க்கும் படச்சீட்டான டாரட்டில் மூன்று கட்டுகள். ஒன்றைக் குலுக்கி ஒரு சீட்டை உருவினாள். வாள் ஏழு வந்தது. மற்ற இரண்டு கட்டிலும் அதே வாள் ஏழைத் தேடியெடுத்துப் பக்கத்தில் வைத்தோம்.

முதல் கட்டில் ஒருவன் கூடாரங்களிலிருந்து ஐந்து வாள்களை அள்ளிக்கொண்டு நுனிக்காலில் நழுவுகிறான். இரண்டை அங்கேயே விட்டுவிட்டான். திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. இரண்டாவது கட்டில் ஏழு வாள்கள் இருந்தன. ஆறு வளைந்து நிற்க, நடுவில் ஒன்று நேராக. ஆள் இல்லை, கதை இல்லை. எண்ணிப் பார்த்தால் ஏழு சரியாக இருக்கும், அதற்குமேல் அந்தச் சீட்டுக்குப் பேச விருப்பமில்லை. மூன்றாவதில் வாள்களுக்கு அடியில் ஒரே ஒரு சொல் அச்சிட்டிருந்தது: 'வீண்'.

"இது எங்க எச்.ஆர். மாதிரியே பேசுது" என்றாள்.

ஒரு டாரட் கட்டு வாங்கலாம் என்று நினைப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கடையில் நூற்றுக்கணக்கான கட்டுகள் இருந்தாலும் அவற்றின் தாத்தா பாட்டி யார் என்று பார்த்தால் பெரும்பாலும் மூன்று குடும்பம்தான்: மார்செய், ரைடர்–வெயிட்–ஸ்மித், தோத். சீட்டின் எண்ணிக்கை எல்லாவற்றிலும் 78. படம் மட்டும் உள்ள பெரிய சீட்டு 22, கோல், கோப்பை, வாள், காசு என்று நாலு சாதியில் 56. (நம்மூர் சீட்டாட்டத்து 'இஸ்பேடு' எந்த வழியில் வந்து சேர்ந்திருந்தாலும் அதன் வேர் இந்த வாள்தான். இத்தாலியில் வாளுக்கு 'ஸ்பாதா' என்று பெயர்.) பெயர்கள் ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும் குணம் கட்டுக்குக் கட்டு மாறும். அதனால் வாங்கும்போது அச்சையும் விலையையும் பார்ப்பதற்குமுன், வாடகைக்கு ஆள் வைப்பதுபோல விசாரிப்பது நல்லது. இந்த 78 பேரும் வீட்டுக்குள் வந்தால் எப்படி நடந்துகொள்வார்கள்?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாரட் எதிர்காலத்தைச் சொல்லும் என்று நான் நம்பவில்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்கள் பொழுதுபோக்க உருவாக்கிய ஆட்டச்சீட்டு அது. ஏறக்குறைய முந்நூறு வருடம் ஆட்டமாகவே இருந்தது. 1781இல் கூர் த ஜெபலான் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் யாரோ ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, இது பழைய எகிப்தின் ரகசிய ஞானம் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியது 1822இல். அதாவது ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்த ஞானத்தை இவர் 41 வருடம் முன்கூட்டியே சீட்டில் வாசித்துவிட்டார். அவரைப் பின்தொடர்ந்து அல்லியெத் என்பவர் தன் பெயரின் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாக எழுதி 'எத்தெய்யா' என்று வைத்துக்கொண்டு, டாரட் சீட்டில் குறி பார்ப்பது எப்படி என்று 1785 முதல் புத்தகம் போட ஆரம்பித்தார். பெயரைத் தலைகீழாக்கிக்கொண்டவர் தொடங்கிய தொழில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் வேடிக்கைதான்.

சரி, மார்செய்.

இதன் பிரபலமான அச்சுகளில் ஒன்று மார்செய் நகரத்து நிக்கோலா கொன்வேர் வெளியிட்டது, அதில் போட்டிருக்கும் வருடம் 1760. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட கோடுகள், சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பளிச்சென்ற நிறங்கள். முகங்களைப் பார்த்தால் ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள் மாதிரி ஒரு சலிப்பு. இவர்கள் யாரும் ஞானிகளாக நடிக்கவில்லை. முதலாம் எண் சீட்டில் நிற்பவன் சந்தையில் மேசை போட்டுக் கிண்ணத்துக்குள் பந்தை மறைக்கும் வித்தைக்காரன். அவனைப் பின்னாளில் மந்திரவாதி என்று பதவி உயர்த்தியது வேறு ஆட்கள்.

13ஆம் சீட்டில் எலும்புக்கூடு அரிவாளோடு வயலில் வேலை செய்கிறது. தரையில் தலையும் கையும் காலும் முளைத்துக் கிடக்கின்றன. மற்றவர்களுக்கெல்லாம் அடியில் பெயர் இருக்கிறது, இவருக்கு எண் மட்டும்தான். பிரெஞ்சுக்காரர்கள் 'பெயரில்லாதவர்' என்றே சொல்கிறார்கள். ஊரில் பெரிய கடன்காரர் பெயரை விளக்கு வைத்தபின் சொல்லக்கூடாது என்பது மாதிரி. இவருக்கு நேர் எதிர் முட்டாள் சீட்டு. அவனுக்குப் பெயர் உண்டு, எண் கிடையாது. இரண்டு பேரையும் ஒரே அலுவலகத்தில் போட்டால் ஆதார் இணைப்பு நடக்கவே நடக்காது.

மார்செய்யின் குறை 40 எண் சீட்டுகள். கோப்பை ஐந்து என்றால் ஐந்து கோப்பை, சுற்றிக் கொஞ்சம் இலை. சுவரில் ஒட்டும் டைல்ஸ் மாதிரி இருக்கும். எண்ணுக்கும் சாதிக்கும் என்ன பொருள் என்று நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். அதில் ஒரு சுகம் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு, நான் அவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் நாலு பேர் கூடிச் சிரிக்கவேண்டும் என்றால் பாதிக் கட்டுக்கு மேல் சுவராக இருப்பது சிரமம்.

ஒன்று சொல்லவேண்டும். உங்களுக்கு உண்மையில் ஆட்டம் ஆடத்தான் ஆசை என்றால் பிரெஞ்சு டாரட் ஆட்டத்துக்கென்றே தனிக்கட்டு இருக்கிறது. எண்கள் பெரிதாக இருக்கும், சைத்தானும் கோபுரமும் போய் அங்கே குடும்பக் காட்சிகள் வந்துவிட்டன. அந்த ஆட்டத்தில் முட்டாள் சீட்டின் பெயர் 'எக்ஸ்க்யூஸ்'. கையில் இருக்கும் நல்ல சீட்டை இழக்கவேண்டிய நேரத்தில் இவனை இறக்கி, "மன்னிக்கணும், இந்தச் சுற்றில் நான் இல்லை" என்று தப்பித்துவிடலாம். இறக்கிய பிறகும் பெரும்பாலும் அவன் உங்களுக்கே திரும்பி வந்துவிடுவான். 22 பெரிய சீட்டுகளில் தன் குணத்துக்கு ஏற்ற உத்தியோகம் கிடைத்தவன் இவன் ஒருவன்தான் என்று எனக்குத் தோன்றும்.

இதே முட்டாளை வைத்து மூன்று கட்டையும் அளந்துவிடலாம். மார்செய்யில் அவன் மூட்டையோடு நடந்துபோகிறான், பின்னால் ஒரு நாய் கால்சட்டையைப் பிடித்து இழுக்கிறது. உடை ஏற்கனவே கிழிந்திருக்கிறது, அவன் கண்டுகொள்வதில்லை. 1909ஆம் ஆண்டின் ரைடர்–வெயிட்–ஸ்மித் கட்டில் அவனுக்குப் பூப்போட்ட உடை, கையில் வெள்ளை ரோஜா, அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி மலை விளிம்பில் அடுத்த காலை வைக்கப்போகிறான். நாய் இப்போது சின்ன வெள்ளைக்குட்டி, எச்சரிக்கிறதா கூடவே குதிக்கப்போகிறதா தெரியாது. தோத் கட்டில் பச்சை உடை, கொம்பு, காலைக் கடிப்பது புலி. கீழே ஒரு முதலையும் காத்திருக்கிறது. அதே ஆளின் அதே கால். தெருநாய் போதுமா, செல்ல நாய் வேண்டுமா, புலியே தேவையா என்று கேட்டால் உங்களுக்கு எந்தக் கட்டு என்பது பாதி தெரிந்துவிடும்.

நான் நாய்க்குட்டிக் கட்சி. காரணம் ஒரு பெண்.

பமீலா கோல்மன் ஸ்மித் 1878இல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதில் கொஞ்சகாலம் ஜமைக்காவில் வளர்ந்து, நியூயார்க்கில் புரூக்ளினில் இருந்த பிராட் கல்லூரியில் ஓவியம் படித்து, லண்டனில் லைசியம் நாடகக் குழுவோடு சேர்ந்து மேடையலங்காரம், உடை என்று வேலை செய்தவர். ஏ. ஈ. வெயிட் என்ற மறைஞான எழுத்தாளர் இவரிடம் ஒரு டாரட் வரைந்து தரச் சொன்னார். பெரிய 22 சீட்டுக்கும் என்ன வேண்டும் என்று வெயிட்டுக்குக் கறாரான யோசனைகள் இருந்தன. எண் சீட்டுகளில் ஸ்மித்துக்குப் பெரிய அளவில் சுதந்திரம் இருந்ததாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த இடத்தில்தான் அவர் நாடகக்காரியாக மாறிவிட்டார். நாற்பது சுவர்களில் பெரும்பாலானவற்றில் மனிதர்களை ஏற்றினார். பல சீட்டுகளில் பாத்திரத்தின் காலடியில் ஒரு கோடு ஓடும், பின்னால் உள்ள காட்சி தொங்கவிட்ட திரை மாதிரித் தெரியும். மேடையேதான்.

கோப்பை நாலைப் பாருங்கள். ஒருவன் மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். முன்னால் மூன்று கோப்பை. மேகத்திலிருந்து ஒரு கை நாலாவதை நீட்டுகிறது, இவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பந்தியில் கோபித்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்ட மாமாவை இதைவிட நன்றாக யாரும் வரைந்ததில்லை. கோப்பை ஒன்பதில் ஒரு குண்டு மனிதர், பின்னால் ஒன்பது கோப்பைகளை அடுக்கிவைத்து, அதே கைகட்டு, ஆனால் முகத்தில் பையனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்த திருப்தி. நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு கோப்பையும் எப்போது வந்தது என்று சொல்வார்.

காசு நாலில் ஒருவன் ஒரு காசைத் தலைமேல் வைத்து, ஒன்றைக் கட்டிப்பிடித்து, இரண்டை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டிருக்கிறான். பணம் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அவனால் எழுந்திருக்க முடியாது. வாள் ஒன்பது இரவு மூன்று மணி. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் ஒருவர், 2009இல் ஒரு கல்யாண வரவேற்பில் தான் சொன்ன அசட்டு வாக்கியத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார். போர்வையில் ரோஜாப்பூவும் ராசிச் சின்னங்களும் போட்டிருக்கிறார்கள், அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. வாள் பத்தில் ஒருவன் குப்புறக் கிடக்கிறான், உடம்பில் பத்து வாள். ஒன்றே போதுமானது. மீதி ஒன்பதும் அவனே கேட்டு வாங்கியது என்று நான் சந்தேகிக்கிறேன்.

அரசவை ஆட்களில் என் அபிமானத்துக்குரியவன் கோப்பைப் பையன். கோப்பைக்குள்ளிருந்து ஒரு மீன் தலையை நீட்டுகிறது, இவன் பதற்றமே இல்லாமல், "சொல்லு" என்கிற மாதிரி பார்க்கிறான். வாள் குதிரைவீரன் நாலுகால் பாய்ச்சலில் போகிறான், எங்கே என்று கேட்கக்கூடாது. காசுக் குதிரைவீரனின் குதிரை நின்ற இடத்தில் நிற்கிறது. இவர்கள் இரண்டு பேரையும் ஒரே ப்ராஜெக்டில் போட்ட மேலாளர் யார் என்றுதான் எனக்குத் தெரியவேண்டும். கோல் ராணி காலடியில் ஒரு கறுப்புப்பூனை நம்மையே முறைத்துக்கொண்டிருக்கும். ராணியிடம் பேசலாம், பூனையிடம் முடியாது.

பெரியவர்களும் சும்மா இல்லை. பேரரசன் வீட்டிலும் அங்கிக்கு அடியில் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு கல் சிம்மாசனத்தில் உட்காருவார், மெத்தை போட்டால் மரியாதை போய்விடும். தலைமைப் பூசாரிப் பெண்மணி மடியில் ஒரு சுருளைப் பாதி மறைத்து வைத்திருக்கிறாள். எல்லாம் தெரியும், சொல்லமாட்டாள், ஆனால் தெரியும் என்பது நமக்குத் தெரிந்தாகவேண்டும். தேரோட்டிக்குக் கடிவாளமே கிடையாது, நம்பிக்கை மட்டும் இருக்கிறது. நிதானம் சீட்டில் ஒரு தேவதை ஒரு காலைத் தண்ணீரிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து, கோப்பையிலிருந்து கோப்பைக்கு ஊற்றிக்கொண்டே இருக்கிறது. 1909இலிருந்து ஆற்றுகிறது, இன்னும் டீ வரவில்லை.

வெயிட்டின் குணமும் இதில் ஓர் ஓரமாகத் தெரியும். மார்செய்யில் எட்டு நீதி, பதினொன்று வலிமை. இவர் இரண்டையும் இடம்மாற்றினார். கோல்டன் டான் என்ற ரகசியக் குழுவில் ராசிகளோடு பொருத்துவதற்காகச் செய்திருந்த ஏற்பாடு அது. வாசகருக்கு அதைச் சொல்லலாம் அல்லவா? தனக்குத் திருப்தியளிக்கும் காரணங்களுக்காக மாற்றியிருப்பதாகவும், வாசகருக்கு அதில் முக்கியமாக எதுவும் இல்லாததால் விளக்கம் தேவையில்லை என்றும் எழுதிவிட்டுப் போய்விட்டார். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜை ஹாலுக்கு மாற்றியபோது அப்பா கொடுத்த விளக்கமும் ஏறத்தாழ இதுதான்.

ஸ்மித்தின் கூலிக்கதை மட்டும் சிரிப்பு வராது. 1909 நவம்பரில் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலையொன்றை மிகக் குறைந்த காசுக்கு முடித்துக்கொடுத்ததாகச் சொல்கிறார். டிசம்பரில் கட்டு வெளியானது. பின்னாளில் கட்டுக்கு நிலைத்த பெயரில் பதிப்பாளர் ரைடரும் வெயிட்டும் இருந்தார்கள். வரைந்தவர் பெயர் பல பத்தாண்டுகளுக்கு வரவில்லை. சீட்டு ஒவ்வொன்றின் மூலையிலும் பாம்பு மாதிரி நெளிந்த கையெழுத்தாக மட்டும் இருந்தார். 1951இல் கார்ன்வாலில் பியூட் என்ற ஊரில் கடனோடு இறந்தார். இப்போது வரும் பதிப்புகளில் சிலர் ஸ்மித்–வெயிட் என்று பெயரைத் திருப்பிப் போடுகிறார்கள்.

தோத்துக்கு வருவோம். ஆங்கிலேய மறைஞானி அலெய்ஸ்டர் குரோலி யோசனை, ஃப்ரீடா ஹாரிஸ் ஓவியம், 1938 முதல் 1943 வரை வேலை. அச்சில் முழுக்கட்டாக வந்தது 1969இல், அப்போது இருவரும் உயிரோடு இல்லை. ஓவியம் என்று பார்த்தால் மூன்றிலும் இதுதான் மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிறமும் ஒளிக்கோணங்களும் அப்படியே உள்ளே இழுக்கும். அங்கே மரணம்கூட ஒரு நடன அசைவோடு அரிவாளைச் சுழற்றுகிறார், மேலே குமிழிகள் எழும்புகின்றன. ஸ்மித்தின் மரணம் வெள்ளைக்குதிரையில் கவசத்தோடு வருவார், கீழே ஒரு ராஜா விழுந்து கிடக்கிறார், ஒரு பிஷப் கைகூப்பிச் சமாதானம் பேசுகிறார், ஒரு குழந்தை மட்டும் பயமில்லாமல் அண்ணாந்து பார்க்கிறது. மார்செய்யில் அவர் வேலையாள், லண்டனில் அதிகாரி, தோத்தில் கலைமாமணி.

ஆனால் தோத் ஒரு பேராசிரியர் வீடு. ஒன்றாம் எண்ணைத் தவிர எண் சீட்டு ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு தீர்ப்பு அச்சாகியிருக்கிறது. காசு ஐந்து 'கவலை', காசு ஏழு 'தோல்வி', கோப்பை எட்டு 'சோம்பல்', வாள் ஒன்பது 'கொடுமை', வாள் பத்து 'அழிவு'. ஐந்து சீட்டு விரித்தால் ப்ராக்ரஸ் ரிப்போர்ட் மாதிரி இருக்கும், அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு இடம்தான் இல்லை. கோப்பை இரண்டில் 'காதல்' என்றும் எழுதியிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஒரு சொல் ஏற்கனவே சொல்லப்பட்டுவிட்டால் மேசையைச் சுற்றியிருப்பவர்கள் சொல்வதற்கு என்ன மீதி? அதோடு வலிமை சீட்டுக்கு இங்கே 'இச்சை' என்று பெயர், சிங்கத்தின் வாயைச் சாந்தமாக மூடிய பெண் இங்கே ஏழுதலை மிருகத்தின்மேல் ஆடையில்லாமல் சவாரி செய்கிறாள். கூடத்தில் விரித்து வைத்திருக்கும்போது பெரியம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் யாராவது ஒருவர் விளக்கம் சொல்லவேண்டியிருக்கும். மந்திரவாதி சீட்டு சில பதிப்புகளில் மூன்று விதமாக மூன்று தடவை வரும், கட்டில் 80 சீட்டு ஆகிவிடும். அவர் ஒருவரே மூன்று பேர் பந்தியில் சாப்பிடுகிறார்.

படித்து, குறிப்பெடுத்து, ராசிக்கும் கிரகத்துக்கும் முடிச்சுப்போட்டுப் பார்க்கும் ஆசை இருப்பவர்களுக்குத் தோத் வாழ்நாள் முழுக்கத் தீனி போடும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

நாலாவதாக ஒரு விண்ணப்பதாரரும் உண்டு. மிலானில் 1450 வாக்கில் ஸ்ஃபோர்ஸா குடும்பத்துக்காகத் தங்கப்பின்னணியில் வரைந்த கட்டின் நகல். மூலத்தில் 74 சீட்டுதான் மிஞ்சியிருக்கிறது. காணாமல்போன நாலில் சைத்தானும் கோபுரமும் அடக்கம். குடும்பவிழா புகைப்படத்திலிருந்து தொந்தரவான இரண்டு சித்தப்பாக்களை வெட்டியெடுத்தது மாதிரி. நகலில் புதிதாக வரைந்து சேர்த்திருப்பார்கள். அதன் தலைகீழாகத் தொங்குபவனுக்கு மட்டும் ஒரு நல்ல கதை. அந்தக் கால இத்தாலியில் துரோகிகளை அவமானப்படுத்த இப்படிக் காலில் கட்டித் தொங்குவதுபோல் பொதுச்சுவரில் வரைவார்கள். பிரபு பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸாவின் அப்பா முட்ஸியோவையே 1412இல் ரோமில் அப்படி வரைந்திருக்கிறார்கள். ஆட்டத்தின் நடுவே அந்தச் சீட்டு வந்தபோது மகன் என்ன முகம் வைத்துக்கொண்டார் என்று பார்க்க ஆசை. அலமாரியில் வைக்க இது அழகு. கையில் தினமும் புரட்ட அல்ல.

வாங்கும்போது ஒரு ஜாக்கிரதை. ஸ்மித் இறந்து எழுபது ஆண்டு கடந்துவிட்டதால் பழைய படங்களுக்கு ஐரோப்பாவிலும் உரிமை முடிந்துவிட்டது, இந்தியாவில் அதற்குமுன்பே முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள். மலிவு என்று நான் ஆன்லைனில் வாங்கிய முதல் கட்டில் ஓரம் வெட்டுப்பட்டு, முட்டாளின் நாய் பாதிதான் இருந்தது. முட்டாள் அதற்குள் மலையிலிருந்து விழுந்துவிட்டானா என்பதும் உறுதியாகத் தெரியவில்லை. படத்தைச் சுற்றி விளிம்பு முழுதாக இருக்கிறதா, ஸ்மித்தின் கையெழுத்து மூலையில் தெரிகிறதா என்று விற்பவர் போட்டிருக்கும் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கையகலம் சின்னதாக இருந்தால் தோத்தின் பெரிய அளவுப் பதிப்பைக் குலுக்குவதும் கஷ்டம்.

எங்கள் மேசையில் மூன்று மாதமாக ஸ்மித் கட்டுதான் கிடக்கிறது. மார்செய்யை எப்போதாவது எடுத்து முகங்களைப் பார்ப்பேன். தோத்தை யாரிடமிருந்து வாங்கினேனோ அவரிடமே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

சிநேகிதி அன்றிரவே வாள் ஏழின் பேச்சைக் கேட்டு நுனிக்காலில் குழுவிலிருந்து நழுவினாள். இப்போதெல்லாம் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும் என்று தைரியம். அந்தச் சீட்டின் இடது ஓரத்தில், தூரத்தில், ஒரு சின்னக் கும்பல் நிற்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அட்மின் அவளைத் திரும்பச் சேர்த்துவிட்டு, "தவறுதலா லெஃப்ட் ஆகிட்டீங்க போல" என்று ஒரு செய்தியும் போட்டார். அவள் கட்டைவிரல் போட்டாள்.